விண்ணப்பம் என்னும் முதல் பரீட்சை

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கணும்" என்று ஊரில் சொல்வார்கள். கல்லூரிச் சேர்க்கையில் அந்தப் பூசாரியின் பெயர் விண்ணப்பம். மார்க் என்ற வரம் கையில் இருந்தும், விண்ணப்பத்தில் தடுக்கி விழுந்து வெளியே நிற்கும் பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள். வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரியின் எந்தக் கொம்யூனுக்குப் போனாலும் இப்படி ஒரு கதையாவது கேட்கலாம்.

ஒரு பிள்ளை பன்னிரண்டு வருடம் படிக்கிறது. அதற்குப் பள்ளி இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, ரிவிஷன் டெஸ்ட் இருக்கிறது, கோனார் நோட்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருடப் படிப்பை ஒரு கல்லூரி இடமாக மாற்றித் தரும் விண்ணப்பத்தை நிரப்புவதற்கு ஒரு பீரியடுகூட ஒதுக்கப்படுவதில்லை. அந்தப் பரீட்சைக்கு சிலபஸ் இல்லை, வாத்தியார் இல்லை, அரியரும் இல்லை. விட்டால் ஒரு வருடம் போச்சு!

இதைப் பிள்ளையின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது சரியா?

வாசல் ஒன்றல்ல

"அதான் சென்டாக் இருக்கே, ஒரே ஃபார்ம் போட்டா போதுமே" என்பது பலரின் எண்ணம். சென்டாக் என்னும் ஒருங்கிணைந்த சேர்க்கைக் குழு நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் க்யூவில் நின்று ஃபார்ம் வாங்கி, சிபாரிசுக் கடிதத்துக்கு அலைந்த காலத்தைவிட, வீட்டில் இருந்தபடியே ஒரே இணையதளத்தில் விண்ணப்பித்து மார்க் வரிசையில் இடம் பெறுவது எவ்வளவோ மேல். தாகூர் அரசு கலைக் கல்லூரி, பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி, புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி எல்லாவற்றுக்கும் சென்டாக்தான் வழி.

ஆனால் சென்டாக் ஒரு வாசல்தான். மற்ற வாசல்களைப் பாருங்கள்.

காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அங்கே இளநிலைப் படிப்பில் சேர 2022 முதல் கியூட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்டாக்கில் போட்ட விண்ணப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தேர்வுக்கு ஒரு விண்ணப்பம், தேர்வு எழுதிய பிறகு பல்கலைக்கழகத்துக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம்.

மருத்துவம் என்றால் நீட். நீட் எழுதி முடித்தாலும் குழப்பம் தீராது. கதிர்காமத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கு சென்டாக். கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கு டெல்லியில் இருந்து நடத்தப்படும் மத்தியக் கலந்தாய்வு. ஜிப்மரில் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் உள் ஒதுக்கீட்டு இடங்களும் அந்த மத்தியக் கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. "நம்ம ஊர் காலேஜ், நம்ம ஊர் கோட்டா, அப்போ சென்டாக்கில் வரும்" என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். காரைக்காலில் இருக்கும் என்.ஐ.டி. வேண்டுமா? அதற்கு ஜே.இ.இ., அதற்கென்று இன்னொரு கலந்தாய்வு.

இன்னொரு சிக்கல் எல்லைக்கோடு. வில்லியனூரில் இருந்து விழுப்புரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கண்டமங்கலம், தமிழ்நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆனால் விண்ணப்பம் எல்லை பார்க்கும்! சென்டாக்குக்குக் கண்டமங்கலத்துப் பிள்ளை வெளிமாநிலம். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு, புதுச்சேரியிலேயே பிறந்து படித்த வில்லியனூர்ப் பிள்ளை வெளிமாநிலம்.

"ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கலாம்"

கிராமப்புறப் பிள்ளைகளின் வாய்ப்பைக் கெடுக்கும் வாக்கியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். அப்பா அம்மாவின் காலத்தில் இது நியாயமான வாக்கியம். ரிசல்ட் வரும், மார்க் ஷீட் வாங்குவார்கள், பிறகு ஃபார்ம் வாங்குவார்கள். அந்த வரிசை இப்போது மாறிவிட்டது.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள் தமிழ்நாடு பாடத்திட்டத்துக்குப் பதிலாக முதன்முறையாக சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஆண்டு அது. தேர்வுகள் பிப்ரவரி 15ல் தொடங்கி ஏப்ரல் 4 வரை நடந்தன. ரிசல்ட் மே 13ல் வந்தது.

நீட் விண்ணப்பம் எப்போது? பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. கியூட் விண்ணப்பம்? மார்ச் 1ல் தொடங்கி, நீட்டிப்புக்குப் பிறகு மார்ச் 24ல் முடிந்தது. அதாவது புதிய பாடத்திட்டத்தில் முதல் பேட்சாக, ஒரு பரீட்சைக்கும் இன்னொரு பரீட்சைக்கும் இடையில் பிள்ளை உட்கார்ந்திருந்தபோதே காலாப்பட்டின் கதவு திறந்து மூடிவிட்டது. மே 13ல் மார்க்கைப் பார்த்து "அட, நல்ல மார்க்காச்சே, சென்ட்ரல் யுனிவர்சிட்டிக்குப் போடலாமே" என்று நினைத்த வீட்டுக்கு அது ஏழு வாரம் லேட்.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர் ஓடும். கவர்னரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கும் தேர். அந்தச் சமயத்தில்தான் ஊரில் "எந்த காலேஜ் போடப்போற?" என்ற பேச்சே ஆரம்பிக்கும். அதற்குள் பாதி வாசல்கள் சாத்தப்பட்டுவிடுகின்றன என்பது பேசுகிறவர்களுக்கும் தெரியாது.

இதே காரணத்தால்தான் இட ஒதுக்கீடு என்ற நல்ல காரியமும் பாதியில் நிற்கிறது. தமிழ்நாடு 2020ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டு வந்தது. புதுச்சேரியில் அதே ஆண்டில் 10 சதவீதம் என்று அமைச்சரவை முடிவெடுத்தும், அது மத்திய அரசின் அனுமதிக்குக் காத்திருந்து 2023ல்தான் நடைமுறைக்கு வந்தது. மூன்று வருடப் போராட்டம். பெற்றதும் பெருமைதான். ஆனால் அந்த 10 சதவீதத்தில் ஓர் இடம் வேண்டுமென்றால் முதலில் நீட் எழுதியிருக்க வேண்டும். நீட் எழுத வேண்டுமென்றால் பிப்ரவரியில் விண்ணப்பித்திருக்க வேண்டும். சட்டம் திறந்த கதவை ஒரு கடைசித் தேதி மூடிவிடுகிறது.

சான்றிதழ் படலம்

அடுத்தது சான்றிதழ்கள். குடியிருப்பு, குடியுரிமை, சாதி, வருமானம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படிப்படியாகப் போய்த்தான் கைக்கு வரும். மே, ஜூன் மாதங்களில் வில்லியனூர் தாலுகா அலுவலகமும் பாகூர் தாலுகா அலுவலகமும் எப்படி இருக்கும் என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஒரே காகிதம் வேண்டும் என்றால் எந்த அலுவலகமும் திணறத்தான் செய்யும். அங்கே வேலை பார்ப்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கூலி வேலைக்குப் போகும் அப்பா, ஒரு சான்றிதழுக்கு இரண்டு மூன்று நாள் அலைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு என்று அரசு கணக்குப் போடுகிறது. இழந்த கூலி எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. காமர்ஸ் படிப்பவர்கள் இதை வாய்ப்புச் செலவு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்குவார்கள். அந்த வீட்டில் அது அன்றைய சோற்றுச் செலவு.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புதுச்சேரி அரசின் பட்டியலில் எம்.பி.சி. என்று சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளை, மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் செல்லாது. மத்தியப் பட்டியலில் எம்.பி.சி. என்ற பிரிவே இல்லை, ஓ.பி.சி. மட்டும்தான். அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று குறிப்பிட்டுத் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். "அதான் சாதி சர்டிபிகேட் இருக்கே" என்று நினைத்தவர்கள், சரிபார்ப்பு நாளில் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறார்கள்.

அப்புறம் நெட் சென்டர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் அங்கேதான் போகிறார்கள். அவசரத்தில் சென்டர்காரர் தன்னுடைய மொபைல் நம்பரையும் இமெயிலையும் போட்டு விண்ணப்பத்தை முடித்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஓ.டி.பி. உடனே வரும் என்பதற்காக. ஆனால் ஒதுக்கீடு வந்திருக்கிறது, இன்ன தேதிக்குள் சேர வேண்டும் என்ற மெசேஜும் அவருக்கே போகும். ஒரு சீசனில் நூறு பேருக்கு ஃபார்ம் போட்டவர் யாரைத் தேடிப் போய்ச் சொல்வார்?

விருப்பப் பட்டியலில் விழும் ஓட்டை

எல்லாம் சரியாக முடித்துவிட்டாலும் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வரிசையாகக் குறிக்கும் விருப்பப் பட்டியல். ஒருவரின் மூன்று வருடத்தைத் தீர்மானிக்கும் இந்தப் பட்டியலைப் பலர் ஐந்து நிமிடத்தில் நிரப்புகிறார்கள். "நமக்கு எங்க கிடைக்கப்போகுது" என்று ஆசைப்பட்டதை எழுதாமலே விடுவார்கள். அல்லது "கிடைக்கிறதை முதல்ல போடு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேண்டாததை ஒன்றாம் இடத்தில் போட்டு, அதுவே கிடைத்தும் விடும்!

இந்த விஷயத்தில் உலகம் நிறைய யோசித்திருக்கிறது. 1962ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள், மாணவர்களையும் கல்லூரிகளையும் எப்படிப் பொருத்துவது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். ஷேப்லிக்கும், அந்தச் சிந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியில் இருந்து ஒரு மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது. மார்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும் முறையில், உண்மையான ஆசையை ஆசைப்பட்ட வரிசையில் எழுதுவதுதான் லாபம். எட்டாததை மேலே எழுதியதால் எட்டுவது கைவிட்டுப் போகாது. நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுவதைக் கடைசியில் எழுதிக்கொண்டால் போதும்.

இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். ஆனால் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பயத்தில் கட்டும் பணம்

சென்டாக் பட்டியல் வர வாரக்கணக்கில் ஆகும். கியூட் முடிவு இன்னும் தாமதம். முதல் வருடமான 2022ல் செப்டம்பர் நடுவில்தான் வந்தது. 2024ல் ஜூலை 28, 2025ல் ஜூலை 4. அதுவரை பயத்தோடு காத்திருக்க எல்லா வீட்டாலும் முடியாது. "சீட் முடிஞ்சிடும்" என்ற ஒரு போன் வந்தால் போதும், நகையை அடகு வைத்து ஏதோ ஒரு தனியார் கல்லூரியில் முதல் தவணையைக் கட்டிவிடுவார்கள். பிறகு சென்டாக்கில் அரசுக் கல்லூரியே கிடைத்தாலும் "கட்டின பணம் போயிடுமே" என்று அங்கேயே தங்கிவிடுவார்கள். போன செலவைப் பார்த்து வருங்கால முடிவை எடுக்காதே என்பது காமர்ஸில் பாலபாடம். ஆனால் அடகுச் சீட்டு வீட்டில் இருக்கும்போது பாலபாடம் எடுபடாது.

இங்கேதான் ஒரு தகவல் உதவும். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் 15 நாட்கள் முன்பே விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நிர்வாகச் செலவு என்று 5 சதவீதம், அதிகபட்சம் 5000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பிறகு விலகினால் நாளைப் பொறுத்து 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி முடிந்து 30 நாட்கள் தாண்டினால்தான் ஒன்றும் கிடையாது. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. இந்த விதியைக் காட்டிக் கேட்கும் பெற்றோருக்கும், தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பும் பெற்றோருக்கும் இடையே இருப்பது ஒரு காகிதம்தான்.

"எல்லாம் யூட்யூபில் இருக்கே!"

சரி, இவ்வளவும் இணையதளத்தில் இருக்கிறது. தகவல் புத்தகம் இருக்கிறது. வீடியோ இருக்கிறது. ஆர்வம் இருப்பவன் தேடிக்கொள்ள மாட்டானா? ஃபார்ம் நிரப்பத் தெரியாதவன் டிகிரி வாங்கி என்ன செய்யப்போகிறான்? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கான விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

அமெரிக்காவில் கல்லூரி நிதி உதவி பெற நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஓர் அரசு விண்ணப்பம் இருந்தது. 2008ல் சில பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், வருமான வரிக் கணக்குப் போட்டுத் தரும் எச் அண்ட் ஆர் பிளாக் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார்கள். வரிக் கணக்குப் போட வந்த ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு, அந்தக் கணக்கில் இருந்த விவரங்களை வைத்து விண்ணப்பத்தைச் சில நிமிடங்களில் அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு, எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, விண்ணப்பிக்கச் சொல்லி அனுப்பினார்கள். முடிவு 2012ல் வெளியானது. உதவி கிடைத்த வீடுகளின் பிள்ளைகளில், மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 சதவீதத்தில் இருந்து 36 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை.

கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்களாக இருந்திருந்தால், ஃபார்ம் நிரப்பிக் கொடுத்த பிறகும் கல்லூரியில் நின்றிருக்க மாட்டார்கள். நின்று படித்தார்கள். அவர்களைத் தடுத்தது படிப்பு அல்ல, காகிதம். தகவல் இருப்பது வேறு, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து "இதை இங்கே போடு" என்று சொல்வது வேறு. டவுனில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார். அண்ணன் பி.டெக்., அத்தை டீச்சர், பக்கத்து வீட்டு மாமா பேங்க் மேனேஜர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் கூடப்பாக்கத்துப் பிள்ளைக்கு அந்த ஆள் யார்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டமோ புதிய துறையோ வேண்டாம்.

முதலாவது, சான்றிதழ் வேலையைப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடிக்கலாம். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும் வருடத்தில் இரண்டு நாள் வருவாய்த் துறை முகாம். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ்களைத் தவிர மற்றவை அன்றே முடிந்துவிடும். ஜூன் மாதக் க்யூவும் பாதியாகும்.

இரண்டாவது, ஒரே ஒரு பக்க நாட்காட்டி. சென்டாக், நீட், கியூட், ஜே.இ.இ. எல்லாம் எந்த மாதம், எந்தச் சான்றிதழ், எவ்வளவு கட்டணம் என்று தமிழில் அச்சடித்து, ஜனவரி மாதமே பள்ளி நோட்டீஸ் போர்டிலும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பள்ளியிலேயே விண்ணப்ப உதவி மேசை. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறை, மே, ஜூனில் ஒரு முறை. பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது. ஆள்? கல்லூரிகளில் என்.எஸ்.எஸ். என்று ஓர் அமைப்பு இருக்கிறது. கிராமத்துக்குப் போய் முகாம் போடுகிறார்கள், சாலை ஓரம் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். நல்லது. அதே மாணவர்கள் நான்கு நாள் வில்லியனூர் கண்ணகி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உட்கார்ந்து ஃபார்ம் நிரப்ப உதவினால், அது எந்த மரக்கன்றுக்கும் குறைந்ததா? போன வருடம் இதே விண்ணப்பத்தைப் போட்டுத் தடுமாறியவர்களைவிட இதற்குத் தகுதியான ஆசிரியர் யார்?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018ல் ஆன்லைனுக்கு மாறியபோது, வீட்டில் வசதி இல்லாதவர்களுக்காக மாவட்டந்தோறும் உதவி மையங்களையும் திறந்தார்கள். புதுச்சேரி மாவட்டத்தில் இருப்பதே நான்கு தாலுகாக்கள், ஐந்து கொம்யூன்கள். இவ்வளவு சின்ன ஊரில் முடியவில்லை என்றால் வேறு எங்கே முடியும்?

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் இந்த வருடம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். பொங்கல் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் எல்லாம் வாங்கியாச்சா? நீட், கியூட் எதாவது போடப்போறியா? விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் நம்பர் போடப்போற? மூன்றாவது கேள்விக்கு "நெட் சென்டர் அண்ணன் நம்பர்" என்று பதில் வந்தால், உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு இமெயில் திறந்து கொடுத்துவிட்டு வாருங்கள்.